சவாரோ கள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை தூக்கி நிற்கும் அந்த நெட்டைக் கள்ளியின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மேலே இருப்பவை எளிய கேள்விகள். கீழே போகப் போகச் சிக்கலானவை வரும்.

சினிமாவில் பாலைவனம் என்றாலே ஒரு கள்ளி வருமே, ரெண்டு கையையும் தூக்கின மாதிரி. அதுக்குப் பேர் என்ன?

சவாரோ. எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'சகுவாரோ' என்று வரும். ஆனால் அது வளரும் ஊர்களில் 'சவாரோ' என்றே சொல்கிறார்கள். தாவரவியல் பெயர் கார்னேஜியா ஜைகான்டியா. 1848-இல் ஜார்ஜ் எங்கல்மன் இதை முதலில் விவரித்தபோது வேறு பேரினத்தில் வைத்திருந்தார். 1908-இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் இதற்கெனத் தனிப் பேரினம் உண்டாக்கி, எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே.

எல்லாப் பாலைவனத்திலும் இது இருக்குமா?

இருக்காது. இயற்கையாக இது வளர்வது சொனோரன் பாலைவனத்தில் மட்டும்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தென்பகுதி, மெக்சிகோவின் சொனோரா மாநிலம், கொலராடோ ஆற்றை ஒட்டிக் கலிபோர்னியாவில் சிறிது. அவ்வளவே. டெக்சாஸில் நடக்கும் கதைகளுக்குப் பின்னணியில் சவாரோவை வரைந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. டெக்சாஸில் காட்டுச் சவாரோ ஒன்றுகூடக் கிடையாது.

சொனோரன் பாலைவனத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். குளிர்காலத்தில் நிதானமான தூறல், ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டும் கோடைமழை. அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழை கிடைக்கிறது. இந்தக் கோடைமழையும் கடுமையாக உறையாத குளிர்காலமும் சேர்ந்து அமையும் இடத்தில்தான் சவாரோ நிலைக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் வரை காணலாம். அதற்கு மேல் குளிர் விடுவதில்லை. அந்தக் குளிரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சதுரக்கள்ளிக்கும் இதற்கும் சொந்தமா? பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கு?

சொந்தமே இல்லை. சதுரக்கள்ளி யூஃபோர்பியா வகை. ஆமணக்கின் குடும்பம் அது. கீறினால் வெள்ளைப் பால் வரும். சவாரோ கற்றாழைக் குடும்பத்திலும் சேராது, யூஃபோர்பியாவிலும் சேராது. காக்டஸ் என்ற தனிக் குடும்பம் அதனுடையது. சப்பாத்திக்கள்ளிதான் அதன் உறவு. வறண்ட நிலத்தில் வாழ வேண்டிய கட்டாயம் இரு குடும்பங்களையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அடையாளம் காண எளிய வழி உண்டு. காக்டஸ் குடும்பச் செடிகளில் முட்கள் தண்டிலிருந்து நேரடியாக முளைப்பதில்லை. பஞ்சு போன்ற ஒரு சிறு திண்டு இருக்கும், அதிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். பூ வருவதும் அந்தத் திண்டிலிருந்துதான். இந்தத் திண்டு இல்லையென்றால் எவ்வளவு முள் இருந்தாலும் அது காக்டஸ் கிடையாது.

எவ்வளவு உயரம் போகும்? எடை எவ்வளவு இருக்கும்?

நன்கு வளர்ந்த சவாரோ 12 மீட்டர் உயரத்தைத் தொடும், சில அதையும் தாண்டும். அளக்கப்பட்டவற்றிலேயே உயரமானது அரிசோனாவில் கேவ் கிரீக் அருகே நின்ற, கையே இல்லாத ஒன்று. 78 அடி, அதாவது 23.8 மீட்டர். 1986-இல் ஒரு புயற்காற்று அதைச் சாய்த்துவிட்டது. தண்ணீர் நிறைந்திருக்கும் ஒரு பெரிய சவாரோ 2 டன் எடைக்கு மேல் இருக்கும். அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

அமெரிக்காவில் வளரும் காக்டஸ்களில் இதுவே பெரியது. ஆனால் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் கார்டோன் என்ற இன்னொரு பூதம் இருக்கிறது. பருமனில் அது சவாரோவை மிஞ்சும். படங்களில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கார்டோனுக்குக் கைகள் தாழ்வாக, அடிப்பகுதிக்கு அருகிலிருந்தே கிளம்பும்.

இவ்வளவு பெரிசா வளர எத்தனை வருஷம் ஆகும்?

இந்தக் கேள்விக்கான பதிலைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். சவாரோவைப் பற்றிய மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன. முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன சவாரோவின் உயரம் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம். அவ்வளவுதான். ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போகும் காலத்தில் இந்தச் செடி கட்டைவிரல் உயரத்தைக்கூட எட்டியிருக்காது.

பூக்கத் தொடங்குவது சுமார் 35 வயதில். வறண்ட இடங்களில் 70 ஆகலாம். முதல் கை முளைக்க 50 முதல் 75 ஆண்டுகள், மழை குறைந்த பகுதியில் 100 ஆண்டுகள்கூட. முழு வளர்ச்சி அடைவது ஏறத்தாழ 125 வயதில். 150 ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவை உண்டு, 200-ஐ நெருங்கியவையும் உண்டு என்று கணக்கிடுகிறார்கள். நீங்கள் படத்தில் பார்க்கும் பல கைகள் கொண்ட சவாரோ, அரிசோனா ஒரு மாநிலமாக ஆன 1912-க்கும் முன்பே முளைத்ததாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? உள்ளே வளையம் இருக்குமா?

மரங்களில் இருப்பது போன்ற ஆண்டு வளையம் சவாரோவில் இல்லை. உயரத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். அதுவும் ஓர் ஊரின் கணக்கு இன்னொரு ஊருக்குப் பொருந்தாது, ஏனென்றால் வளரும் வேகம் மழையைப் பொறுத்தது. டூசானில் டுமாமாக் குன்று என்ற இடத்தில் 1903-இல் ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு சவாரோவாகக் குறித்துவைத்து, தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் திரும்ப வந்து அளக்கிறார்கள். அப்படிப் பொறுமையாகச் சேர்த்த அளவுகள் இருப்பதால்தான் இன்று உயரத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடிகிறது.

முட்களும் உதவுகின்றன. முள் ஒருமுறை வளர்ந்து முடிந்தால் அதன்பின் மாறுவதில்லை. உச்சியிலிருந்து அடி வரை முட்கள் காலவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிலுள்ள கரியணு வகைகளை ஆராய்ந்து பழைய வறட்சிகளையும் மழை ஆண்டுகளையும் படிக்கிறார்கள்.

கைகள் எதுக்கு? கை இல்லாம இருந்தால் ஏதாவது நோயா?

நோய் இல்லை. சில சவாரோக்கள் சாகும்வரை ஒற்றைத் தூணாகவே நிற்கும். மேலே சொன்ன 78 அடிக் கள்ளியும் அப்படித்தான். பூக்கள் பெரும்பாலும் உச்சிகளில்தான் பூக்கும். கைகள் கூடினால் உச்சிகள் கூடும், பூவும் பழமும் கூடும். கை முளைப்பதன் பலன் அதுதான்.

கைகள் கீழ்நோக்கி வளைந்து முறுக்கிக்கொண்டிருக்கும் சவாரோக்களையும் பார்க்கலாம். அது பெரும்பாலும் பழைய உறைபனியின் தடம். பனியில் அடிபட்ட திசு எடையைத் தாங்க முடியாமல் கை தொங்கிவிடும். பிழைத்தால் அதன் நுனி மறுபடி வானை நோக்கித் திரும்பும்.

வேர் ரொம்ப ஆழமா போய்த் தண்ணி எடுக்குமோ?

நேர்மாறு. நடுவில் ஓர் ஆணிவேர் உண்டு. அது பெரும்பாலும் ஒரு மீட்டர்கூடப் போகாது. வேலையெல்லாம் செய்வது பக்கவேர்கள்தான். அவை தரைக்கு 8 முதல் 15 செ.மீ. ஆழத்திலேயே படர்ந்து, செடி எவ்வளவு உயரமோ ஏறத்தாழ அவ்வளவு தூரம் எல்லாத் திசையிலும் போயிருக்கும். பாலைவன மழை மண்ணை ஆழமாக நனைப்பதில்லை. நனைந்த மேல்மண் காய்வதற்குள் உறிஞ்சியாக வேண்டும் என்பதால் இந்த அமைப்பு.

உறிஞ்சிய தண்ணீரை வைக்கத் தண்டே இடம் கொடுக்கிறது. தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஆர்மோனியத்தின் துருத்தி போல அவை மழைக்குப் பின் விரிந்து பருக்கும், வறட்சியில் ஒடுங்கி ஆழமாகும். தோல் கிழியாமல் செடி பருத்து மெலிய முடிவது இதனால்தான். உள்ளே மடிப்புக்கு ஒன்றாக மரக்கழிகள் வட்டமாக நிற்கின்றன. அவைதான் அத்தனை எடையையும் தாங்கும் எலும்புக்கூடு. செடி செத்துச் சதை அழுகி உதிர்ந்த பிறகும் அந்தக் கழிகள் பல ஆண்டுகள் நிற்கும். கூரை வேயவும் வேலி கட்டவும் அங்குள்ள பழங்குடியினர் அவற்றைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

வழி தவறிட்டால் இதை வெட்டித் தண்ணி குடிச்சு உயிர் பிழைக்கலாமாமே?

தயவுசெய்து இதை நம்பாதீர்கள். உள்ளே தண்ணீர் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. கொழகொழப்பான சதைக்குள் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சதையில் அமிலமும் ஆல்கலாய்டு சேர்மங்களும் உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும். பாலைவனத்தில் அதுவே உயிருக்கு ஆபத்து.

முள் இவ்வளவு எதுக்கு? மாடு மேயாமல் இருக்கவா?

அதுவும் ஒரு காரணம். ஆனால் முள்ளின் நிழலை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான முட்கள் சேர்ந்து தண்டின் மேல் ஒரு சல்லடை நிழலை விரிக்கின்றன. வெயிலையும் சுடுகாற்றையும் தோலில் நேராகப் படாமல் தடுக்கின்றன. குளிர் இரவுகளில் உச்சியிலுள்ள அடர்ந்த முள்ளும் ரோமமும் வளரும் மொட்டைக் கதகதப்பாக வைக்கின்றன. விலங்குகள் எட்டும் கீழ்ப்பகுதியில்தான் முட்கள் நீளமாகவும் கடினமாகவும் இருக்கும். முதிர்ந்த செடியின் மேல்பகுதியில் அவை சற்று மென்மையாகிவிடும்.

இலையே இல்லையே, சாப்பாட்டை எப்படித் தயாரிக்கும்?

பச்சைத் தண்டுதான் இலையின் வேலையைச் செய்கிறது. முறையில்தான் வேறுபாடு. பெரும்பாலான செடிகள் பகலில் துளைகளைத் திறந்து காற்றை உள்ளே விடும். பாலைவனப் பகலில் அப்படித் திறந்தால் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் சவாரோ இரவில் மட்டும் துளைகளைத் திறக்கிறது. உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சூரிய ஒளியில் அதைச் சர்க்கரையாக்குகிறது. மேலே மெழுகு பூசிய தடித்த தோல் வேறு. இந்த இரவு மூச்சை நினைவில் வையுங்கள். வெப்பத்தைப் பற்றிய கேள்விக்கு அது தேவைப்படும்.

பூ எப்போ பூக்கும்? ராத்திரியில்தான் பூக்கும்னு சொல்றாங்களே?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. வெள்ளைநிறம், மெழுகு போன்ற இதழ்கள், உள்ளங்கை அகலம். சூரியன் மறைந்தபின் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். ஒரு பூவுக்குக் கிடைப்பது ஓர் இரவும் ஒரு பகலும்தான். 1931 முதல் அரிசோனாவின் மாநில மலர் இது.

தன் மகரந்தத்தாலேயே சவாரோ காய்க்காது. வேறொரு செடியிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும். இரவில் அதைக் கொண்டுவருவது நீள்மூக்கு வௌவால்கள். மெக்சிகோவிலிருந்து தூண்கள்ளிகளின் பூப்பருவத்தைத் தொடர்ந்தே வடக்கு நோக்கி வருபவை அவை. பகலில் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் வரும். தெற்கே வௌவாலின் பங்கு பெரிது, வடக்கே போகப் போகப் பறவைகளும் தேனீக்களும் கூடுதலாக உழைக்கின்றன. அந்த வௌவால் இனம் ஒருகாலத்தில் அமெரிக்காவின் அழியும் உயிரினங்கள் பட்டியலில் இருந்தது. எண்ணிக்கை தேறியதால் 2018-இல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அப்படி மீண்ட முதல் வௌவால் அதுதான். எனக்கு மிகவும் நிறைவு தரும் செய்திகளில் ஒன்று இது.

பழம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், இனிப்பாக இருக்கும். ஜூன் கடைசியில், கோடைமழைக்குச் சற்று முன் பழுக்கும். தோல் வெடித்து விரிந்ததும் உள்ளே சிவப்புச் சதை தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதைச் சிவப்புப் பூ என்றே நினைத்துவிடுகிறார்கள். நிலம் காய்ந்து கிடக்கும் அந்த வாரங்களில் பறவை, வௌவால், நரி, கொயோட்டி, எறும்பு என எல்லாவற்றுக்கும் ஈரமும் உணவும் இதுதான்.

அந்தப் பாலைவனத்தின் பழங்குடியினரான டோஹோனோ ஓ'ஓதம் மக்களுக்கு இந்த அறுவடையோடுதான் ஆண்டு பிறக்கிறது. செத்த சவாரோவின் உள்கழிகளை இணைத்து நீண்ட கோல் செய்து, அதால் பழங்களைத் தட்டி எடுப்பார்கள். பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். அந்தப் பாகைப் புளிக்கவைத்து உண்டாக்கும் மதுவோடு மழையை அழைக்கும் சடங்கு நடக்கும். பழம் எடுத்தபின் வெற்றுத் தோலை, சிவந்த உட்புறம் வானைப் பார்க்கும்படி தரையில் வைத்துவிட்டு வருவார்கள். சவாரோவை அவர்கள் மனிதர்களாகவே மதிக்கிறார்கள்.

மரங்கொத்தி இவ்வளவு ஓட்டை போடுதே, செடி செத்துடாதா?

பெரும்பாலும் சாகாது. கிலா மரங்கொத்தி சதைக்குள் குடைந்ததும், செடி அந்தக் காயத்தைச் சுற்றிக் கெட்டியான ஒரு தோலை உண்டாக்கி நீர் கசிவதை அடைத்துவிடும். அது இறுகிக் காய மாதங்கள் ஆகும். குடைந்த மரங்கொத்தியும் அதுவரை காத்திருந்துதான் குடியேறும். செடி அழிந்த பிறகும் இந்த உள்தோல் ஒரு கெட்டியான கூடாகத் தரையில் கிடக்கும். பொன்னிற ஃப்ளிக்கர் என்ற பெரிய மரங்கொத்தி உச்சிக்கு அருகே, உள்கழிகளையும் உடைத்துக் குடையும். அது கொஞ்சம் கூடுதல் சேதம்.

மரங்கொத்தி விட்டுப்போன பொந்துக்குப் பின்னால் பெரிய வரிசையே நிற்கிறது. உலகின் மிகச் சிறிய ஆந்தைகளில் ஒன்றான எல்ஃப் ஆந்தை, ஊதாநிறத் தகைவிலான், ஈப்பிடிப்பான், சில சமயம் தேனீக்கூட்டம். சுற்றிலும் நீர் நிறைந்த சதை இருப்பதால் கோடைப் பகலில் பொந்து வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

வேறொரு மரத்தை ஒட்டியே சவாரோ நிற்குதே, அந்த மரம் ஏன் பெரும்பாலும் செத்துப்போயிருக்கு?

அந்த மரம்தான் சவாரோவை வளர்த்தது. அதைச் செவிலி மரம் என்பார்கள். பச்சைப் பட்டை கொண்ட பாலோ வெர்டே, இரும்புமரம், சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. பழத்தைத் தின்ற பறவை வந்து உட்கார்ந்து எச்சமிடுவதும் அந்தக் கிளையில்தான். கீழே விழும் விதைக்கு நிழல், சற்றுக் குளிர்ந்த மண், பனியிரவில் ஒரு கூரை, முயல் கண்ணில் படாத மறைவு எல்லாம் கிடைக்கிறது. எட்டு ஆண்டுகளில் ஓர் அங்குலம் வளரும் செடிக்கு இந்த மறைவு இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை.

வளர்ந்ததும் சவாரோவின் படர்ந்த வேர்கள் மேல்மண்ணின் நீரை முதலில் எடுத்துக்கொள்ளும். செவிலி மரத்தின் ஆயுளும் சவாரோவைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்து, வளர்த்த மரம் முதலில் போய்விடுகிறது. இதில் நன்றிகேட்டைத் தேட வேண்டாம். பட்ட மரத்தின் அருகே நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு சவாரோவும் அந்த மரம் அங்கே இருந்ததற்கான பதிவு.

பாலைவனச் செடிதானே, குளிர் என்ன செய்யும்?

சவாரோவின் வடக்கு எல்லையையும் மலைமேல் எல்லையையும் வரைவது குளிர்தான். ஓரிரவு உறைபனியைப் பெரிய செடி தாங்கும். மறுநாள் பகலில் வெப்பம் திரும்பாமல், ஏறத்தாழ ஒரு முழு நாள் உறைநிலைக்குக் கீழேயே இருந்தால் திசுக்களின் நீர் உறைந்து செல்கள் உடையும். சிறுசுகளும் மிக முதிர்ந்தவையும் முதலில் சாகும். உயரமான இடங்களில் சவாரோ தெற்கு நோக்கிய சரிவுகளில் மட்டும் நிற்பது, குளிர்கால வெயில் அங்கேதான் நன்றாக விழும் என்பதால்.

பனி தாக்கிய பெரிய சவாரோ உடனே விழுந்துவிடாது. பல ஆண்டுகள் நின்று, மெல்ல அழுகிப் பிறகுதான் சாயும். இந்தத் தாமதம் ஒரு பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. இது அழிந்துவருகிறதா என்ற கேள்விக்கான பதிலில் அது வருகிறது.

உச்சியில் விசிறி மாதிரி விரிஞ்ச சவாரோ இருக்குதாமே?

உண்டு, மிக அரிது. வளரும் நுனி ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டுவிடுவதால் அப்படி விரிகிறது. அந்த விசிறியிலும் பூவும் பழமும் வரும்.

இது அழிஞ்சிட்டு வருதுன்னு சிலர் சொல்றாங்க, லட்சக்கணக்கில் இருக்குன்னு சிலர் சொல்றாங்க. எது உண்மை?

அழியும் இனமாக இது பட்டியலிடப்படவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இப்போதைக்குக் கவலை குறைந்த இனம் என்றே இருக்கிறது. ஆனால் இப்போது நிற்கும் பெரிய செடிகளை எண்ணினால், ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையைத்தான் எண்ணுகிறோம். காட்டின் நிலை தெரிய வேண்டுமானால் குனிந்து செவிலி மரங்களின் அடியைப் பார்க்க வேண்டும்.

டூசானுக்குக் கிழக்கே 1933-இல் அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் அறிவித்த சவாரோ தேசிய நினைவகம் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் நடந்தது இதற்குச் சாட்சி. 1937-இல் கடும் உறைபனி. அடுத்த ஆண்டுகளில் பெரிய சவாரோக்கள் கொத்துக் கொத்தாக அழுகிச் சாய்ந்தன. பாக்டீரியா நோய் பரவுவதாக எண்ணி, 1940-களில் நோயுற்றவற்றை வெட்டிப் புதைத்தார்கள். சாவு நிற்கவில்லை. பனியில் ஏற்கெனவே சிதைந்த சதையில்தான் பாக்டீரியா குடியேறியது என்பது பின்னால் தெளிவானது. அதைவிடப் பெரிய சிக்கல், செத்தவற்றின் இடத்துக்கு வரக் குட்டிகள் இல்லாதது. விறகுக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் செவிலி மரங்களை வெட்டியிருந்தார்கள், மாடுகள் நாற்றுகளை மிதித்திருந்தன. 1979 வாக்கில் மேய்ச்சல் முற்றிலும் நின்றது. ஈரமான ஆண்டுகளும் சேர்ந்துவர, குட்டிகள் திரும்ப முளைத்தன. 1994-இல் அது தேசியப் பூங்காவாக உயர்ந்தது. ஆனால் 1990-களின் நடுவில் தொடங்கிய நீண்ட வறட்சிக்குப் பின் மறுபடி புதுக்குட்டிகள் மிகக் குறைவாகவே நிலைத்திருக்கின்றன. பெரியவை அப்படியே நிற்பதால் பார்ப்பவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

வெயிலில் வளர்ந்த செடிதானே, வெப்பம் கூடினால் என்ன?

பகல் வெப்பத்துக்கு அது பழகியதுதான். இரவு குளிராததுதான் சிக்கல். மேலே சொன்னபடி சவாரோ மூச்சு விடுவது இரவில். இரவும் சூடாகவே இருந்தால் துளைகளைத் திறக்கும்போது நீர் இழப்பு கூடும், திறக்காவிட்டால் உணவு குறையும். 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43.3 செல்சியஸுக்குக் குறையவில்லை. இரவுகளும் தணியவில்லை, மழையும் தவறியது. அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் சவாரோக்கள் கைகளை இழந்தன, சில அப்படியே சரிந்தன. கான்கிரீட்டும் தாரும் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கும் நகரத்தில் இந்தச் சுமை இன்னும் அதிகம்.

காட்டுத்தீ வந்தால் தப்பிக்குமா?

பெரும்பாலும் தப்பாது. சொனோரன் பாலைவனத்தில் செடிகளுக்கு நடுவே வெறும் மண் இருக்கும், அதனால் தீ பரவ வழியில்லை. தீயைத் தாங்கும் தன்மை இங்குள்ள செடிகளுக்கு வேண்டியிருக்கவே இல்லை. அந்த வெறும் மண்ணை இப்போது கொழுக்கட்டைப் புல் மூடி வருகிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இயல்பாக வளரும் இந்தப் புல்லை மாட்டுத் தீவனத்துக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அது பாறைச் சரிவுகளிலெல்லாம் ஏறிவிட்டது. காய்ந்தால் கடுமையான சூட்டோடு எரியும். எரிந்தபின் புல் மட்டும் வேரிலிருந்து துளிர்க்கும். சவாரோ துளிர்க்காது. எரியாத இடத்திலும் இந்தப் புல் மேல்மண்ணின் ஈரத்தைக் குடித்து, நாற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. என்னைக் கேட்டால் வெப்பத்துக்கு அடுத்தபடி அஞ்ச வேண்டியது இதைத்தான்.

ஒண்ணைப் பிடுங்கி வந்து வீட்டில் வைக்கலாமா?

காட்டிலிருந்து எடுக்கவே கூடாது. அரிசோனாவில் நாட்டுத் தாவரங்களுக்கென்று சட்டம் இருக்கிறது. சவாரோவைச் சேதப்படுத்துவதும் அனுமதியின்றி இடம் மாற்றுவதும் குற்றம், சொந்த நிலத்தில் நிற்பதை அகற்றவும் முறைப்படி செல்ல வேண்டும். பன்னாட்டு வணிகமும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. திருட்டைத் தடுக்கத் தேசியப் பூங்காவில் சில சவாரோக்களுக்குள் மின்னணுச் சில்லுகள்கூடப் பொருத்தியிருக்கிறார்கள். பெரியதைப் பிடுங்கினால் படர்ந்த வேரெல்லாம் அறுந்துவிடும். நட்ட இடத்தில் சில ஆண்டுகள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு, பிறகு சாகும்.

நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்ததை வாங்கித் தொட்டியில் வைக்கலாம். நீர் வடியும் மணற்பாங்கான மண், சிறுவயதில் பாதி நிழல், குளிர்காலத்தில் மிகக் குறைந்த தண்ணீர். கையும் பூவும் எதிர்பார்த்து வாங்காதீர்கள். அது உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்து விஷயம்.

ஒரு பழத்தில் ரெண்டாயிரம் விதை இருக்குன்னா, மூட்டை மூட்டையா தூவினால் காடு வந்துடாதா?

வராது. ஒரு சவாரோ தன் ஆயுளில் ஏறத்தாழ நான்கு கோடி விதைகள் தருகிறது என்பார்கள். காடு குறையாமல் இருக்க அதில் ஒன்று வளர்ந்தால் போதும். அந்த ஒன்றே கிடைக்காமல் போகிறதென்றால், குறைவது விதை இல்லை. பெரும்பாலான விதைகளைப் புறாவும் எறும்பும் எலியும் தின்றுவிடும். தப்பி முளைப்பதற்குக் கோடைமழை தவறாமல் வர வேண்டும், அடுத்த குளிர்காலம் மென்மையாக இருக்க வேண்டும், அதற்கடுத்த ஆண்டுகளும் ஓரளவு ஈரமாக இருக்க வேண்டும். இப்படி எல்லாம் கூடிவரும் ஆண்டுகள் ஒரு தலைமுறையில் சிலதான்.

மழையை நம்மால் வரவழைக்க முடியாது. செவிலி மரத்தையும் வெறும் மண்ணையும் காப்பாற்ற முடியும். அதனால்தான் டூசான் பகுதியில் தன்னார்வலர்கள் விதைப்பையைத் தூக்காமல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு சரிவுகளில் ஏறிக் கொழுக்கட்டைப் புல்லை வேரோடு பெயர்க்கிறார்கள். நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை நடும்போதும் வெட்டவெளியில் வைப்பதில்லை, பாலோ வெர்டேயின் அடியில் வைக்கிறார்கள். பெயர்த்த இடத்துக்கு மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும், ஏனென்றால் மண்ணில் கிடக்கும் புல்விதை அடுத்தடுத்த மழைகளில் முளைத்துக்கொண்டே இருக்கும்.